பூஜ்ஜியத்தை ஜெயிச்சேன்

"தீசிஸ் எங்க நிக்குது?"ங்கற கேள்வியை இனிமே இந்த வீட்டுல யாரும் கேக்கக் கூடாது. ஒரு காலையில, வாய் நிறைய பேஸ்ட் நுரையோட, இப்படி ஒரு சட்டம் கொண்டு வர்றதுன்னு முடிவு பண்ணேன். வீட்டுல இருக்கிறது ரெண்டே பேரு. அதுல ஒருத்தன் நான். சட்டம் யாருக்குன்னு நீங்களே புரிஞ்சுக்கோங்க.

நான் யூனிவர்சிட்டியில ஆராய்ச்சி மாணவன். ஏழாவது வருஷம். சிரிக்கிறவங்க சிரிச்சு முடிங்க, நான் காத்திருக்கேன். எனக்குக் காத்திருந்து பழக்கம்தான். என்கூடச் சேர்ந்தவன் ஒருத்தன் இப்போ அதே டிபார்ட்மென்ட்ல வாத்தியார். என் வருகைப் பதிவேட்டுல அவன்தான் கையெழுத்துப் போடறான். போடும்போது ஒரு சிரிப்பு வேற. அந்தச் சிரிப்பைப் பத்தி தனியா ஒரு தீசிஸ் எழுதலாம்.

என் ஆராய்ச்சி ரொம்ப சிம்பிள். எந்த மின்சார ஆலைக்கும் ரெண்டு நம்பர் உண்டு. வாசல்ல போர்டுல எழுதி வச்சிருக்கிறது ஒண்ணு. உண்மையில கம்பியில வர்றது ஒண்ணு. கல்யாணத்துக்கு முன்னாடி எங்க வீட்டுல என்னைப் பத்திச் சொன்னது ஒண்ணு, அப்புறம் என் சம்சாரம் கண்டது ஒண்ணு இல்லையா, அந்த மாதிரி. சோலார் ஆலையில இந்த ரெண்டு நம்பருக்கும் நடுவுல எவ்வளவு தூரம், அணு மின் ஆலையில எவ்வளவு தூரம், ரெண்டையும் எப்படி ஒப்பிடறது? அவ்வளவுதான். இதுக்கு ஏழு வருஷமான்னு கேக்காதீங்க. கேக்கறவங்களுக்காகத்தான் சட்டமே.

நாலு அத்தியாயம் நாலு வருஷத்துல முடிஞ்சுது. அஞ்சாவதுதான் ஒப்பீடு. அதுல ரெண்டு வருஷமா ஒரு வரிகூட இல்ல. காரணம் நான் இல்ல, என் கைடு. நாலாவது அத்தியாயத்தோட ஓரத்துல அந்த மனுஷன் சிவப்பு மையில, "இது வாதமா, வசவா?"ன்னு எழுதியிருந்தார். நான் கீழேயே, "படிக்கிறவர் தகுதியைப் பொறுத்தது"ன்னு எழுதித் திருப்பிக் கொடுத்தேன். அதுக்கப்புறம் நான் அவர் ரூம் பக்கம் போகலை. அவரும் கூப்பிடலை. அவர் மன்னிப்புக் கேக்கட்டும்னு நான் உக்காந்திருந்தேன். அவர் என்னத்துக்கு உக்காந்திருந்தாரோ.

இந்த நேரத்துலதான் யூனிவர்சிட்டியிலருந்து பதிவுத் தபால் வந்துச்சு. அறுபது நாளுக்குள்ள, கைடு கையெழுத்தோட, முழு தீசிஸ் வந்து சேரணும். இல்லேன்னா பதிவு ரத்து. ஏழு வருஷமும் காலி. தபாலைக் கையெழுத்துப் போட்டு வாங்கினதே என் சம்சாரம்தான். படிச்சா, மடிச்சா, டைனிங் டேபிள்ல உப்பு டப்பாவுக்குக் கீழே வச்சா.

அவளைப் பத்திச் சொல்லணும். அணு மின் ஆலையில கன்ட்ரோல் ரூம் இன்ஜினியர். அங்க யாரும் கத்த மாட்டாங்களாம். கத்தினா அலாரம் காதுல விழாதாம். அதே பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டு வந்துட்டா. நான் ஒரு மணி நேரம் சத்தம் போட்டாலும், முடிஞ்சதும், "சரி, அப்புறம்?"னு கேப்பா. சண்டைக்கு எதிராளி வேணாமா சொல்லுங்க? சுவத்துல பந்தடிச்சாகூட திரும்பி வருது.

அவகிட்ட இருக்கிற ஒரே ஆயுதம் அந்தக் கேள்விதான். தினமும் ஷூ லேஸ் கட்டும்போது, பம்ப் ரீடிங் கேக்கற குரல்ல, "தீசிஸ் எங்க நிக்குது?" நான் கைடைத் திட்டுவேன், சிஸ்டத்தைத் திட்டுவேன், சூரியனையே திட்டியிருக்கேன். அவ லேஸ் கட்டி முடிச்சு, "நின்ன இடத்துலதான் நிக்குதா"ன்னுட்டுப் போயிடுவா.

தபால் வந்து பன்னெண்டு நாளாச்சு. பன்னெண்டு நாளும் கோபப்பட்டே ஓடிப்போச்சு. பதிமூணாவது நாள் ஃபிரிட்ஜ் கதவுல ஒரு தாள் ஒட்டியிருந்துச்சு. அவ ஷிஃப்ட் பட்டியல். எப்பவும் பையிலயே வச்சிருப்பா, அன்னைக்கு என்னவோ கதவுக்கு வந்திருந்துச்சு. மறுநாள் திங்கக்கிழமையிலருந்து நாற்பது நாள், பன்னெண்டு மணி நேர ஷிஃப்ட், லீவு கிடையாது. ஏன்னா ஆலையையே நிறுத்தி எரிபொருள் மாத்தப் போறாங்க. ஒன்றரை வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற வேலை. அந்த நாற்பது நாளும் அவ ஆலையிலருந்து ஒரு யூனிட் வெளியே வராது.

எனக்கு உடம்பெல்லாம் மின்சாரம் பாஞ்சுது. யூனிவர்சிட்டி எனக்குக் கொடுத்த சோலார் பேனல் நாலு எங்க மொட்டை மாடியில இருக்கு. மொத்தம் ஒரு கிலோவாட். அது எவ்வளவு மோசமாப் போனாலும் பூஜ்ஜியத்தைவிட அதிகமாத்தானே தரும்?

அன்னைக்கு சாயங்காலம், ரொம்ப சாதாரணமா, நகம் வெட்டிக்கிட்டே ஆரம்பிச்சேன். உன் ஆலை பெருசா, என் பேனல் பெருசா, ஒரு பந்தயம் பாத்துடுவோமா? போர்டுல எழுதியிருக்கிற அளவுல எத்தனை சதவீதம் உண்மையில வருதுன்னு பாப்போம். நாளைக்கு, திங்கள்லருந்து சரியா நாற்பது நாள். நான் ஜெயிச்சா தீசிஸைப் பத்தி நீ ஆயுசுக்கும் ஒரு வார்த்தை பேசக் கூடாது.

அவ பருப்புல கல் பொறுக்கிக்கிட்டிருந்தா. நிமிரக்கூட இல்லை. அவ ஜெயிச்சா நான் கைடைப் போய்ப் பாக்கணும்னா. தாராளமான்னேன். தோக்காத பந்தயத்துல எதை வேணா பணயம் வைக்கலாம்.

"ஒரு கண்டிஷன்"னா. "எங்க கன்ட்ரோல் ரூம்ல எழுதாத ரீடிங் செல்லாது. நீங்களும் லாக் புக் எழுதணும்."

அதாவது தினமும் சாயங்காலம் எத்தனை யூனிட் வந்துச்சு, ஏன் அவ்வளவுதான் வந்துச்சுன்னு காரணத்தோட எழுதணும். அழிக்கக் கூடாது. தப்பாயிட்டா ஒரே கோடு போட்டு அடிச்சுட்டுப் பக்கத்துல எழுதணும். கார்பன் வச்சு எழுதி, ஒரிஜினலைப் புத்தகத்துல விட்டுட்டு காப்பியைக் கிழிச்சு அவகிட்ட கொடுத்துடணும். அவளுக்குச் சந்தேகம் இருந்தா ஒரு சீட்டுல எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்டுவா. மறுநாள் சாயங்காலத்துக்குள்ள எழுத்துல பதில் வேணும். பதில் இல்லேன்னா அன்னைக்கு ரீடிங் ரத்து.

நான் சிரிப்பை அடக்கிக்கிட்டு ஒத்துக்கிட்டேன். பாவம், ஷிஃப்ட் பட்டியலை மறந்துட்டா போலன்னு அவ மேல எனக்குக் கொஞ்சம் இரக்கம்கூட வந்துச்சு.

நடுவரா எதிர் ஃபிளாட் ரீடிங் சாரைப் போட்டோம். முப்பது வருஷம் வீடு வீடாப் போய் மின்சார மீட்டர் பாத்து ரிட்டயரானவர். மீட்டர் பாக்காம அவருக்கு சாப்பாடு இறங்காது. தினமும் ஆறு மணிக்கு எங்க ஹால்ல இருக்கிற இன்வெர்ட்டர் முன்னாடி மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டு நின்னு, நம்பரைச் சத்தமாப் படிப்பார். அப்புறம் பழக்கதோஷத்துல, "வீட்டுல ஆள் இருந்தாங்க"ன்னு சொல்லிட்டுப் போவார்.

முதல் நாள் மூணரை யூனிட். அவ ஆலை பூஜ்ஜியம். நான் அதோட விடலை. நிறுத்தி வச்சிருக்கும்போது உள்ளே குளிரூட்டற பம்ப் ஓட வெளியிலருந்து கரண்ட் வாங்குறீங்களே, அப்போ அது மைனஸ்தானேன்னு கேட்டேன். பூஜ்ஜியமாவே இருக்கட்டும், பாவம் பொழைச்சுப் போறோம்னா. பதினாலு மணி நேரம் கழிச்சு வீட்டுக்கு வந்தவ, ஒரு காலை இன்னொரு காலால தேய்ச்சுக்கிட்டே அதைச் சொன்னா. நான் பெருந்தன்மையா விட்டுக்கொடுத்தேன்.

ரெண்டாம் நாள் சாயங்காலம் ஃபிரிட்ஜ்ல முதல் சீட்டு. அவ கையெழுத்து. "மூணரை யூனிட்டுக்குத் தூசிதான் காரணம்னு எழுதியிருக்கீங்க. தூசியை எப்படி அளந்தீங்க?"

எனக்குச் சுருக்குன்னு ஆச்சு. மறுநாள் ரெண்டு பேனல் துடைச்சு, ரெண்டைத் துடைக்காம விட்டு, தனித்தனியா ரீடிங் எடுத்து, நாலு பக்கம் பதில் எழுதினேன். மூணாம் நாள் அடுத்த சீட்டு. "சூடு ஏறினா பேனல் தர்றது குறையும்கறதைச் சேத்தீங்களா?" அஞ்சு பக்கம். நாலாம் நாள், "ஒரே ஒரு மாடியை வச்சு நாட்டுல இருக்கிற ஆலைகளைப் பத்திப் பேசலாமா?" அன்னைக்கு ராச்சாப்பாட்டைத் தள்ளி வச்சுட்டு, எழுபது ஆலைகளோட பத்து வருஷக் கணக்கைத் தோண்டி எடுத்து ஒரு அட்டவணையே போட்டேன். அந்தக் கணக்கை ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே சேத்து வச்சிருந்தேன். எதுக்குச் சேத்தேன்னு மறந்து போயிருந்துச்சு, அவ்வளவுதான்.

கேள்வி ஒவ்வொண்ணும் ஊசி. இவளுக்கு இவ்வளவு வாய் இருக்கும்னு எனக்குத் தெரியாது. எனக்கும் வாய் உண்டு. கேட்டவரோட மூளையில கரண்ட் கட்டான்னு எழுதினேன். இந்தக் கேள்வியைக் கேக்கறதுக்கு ஒரு ஆள் எதுக்கு, ஒரு நாற்காலி போதும்னு எழுதினேன். திட்டு ஒரு வரின்னா காரணம் பத்து வரி எழுதினாத்தான் எனக்கே திருப்தியா இருந்துச்சு. காலையில காப்பியைக் கிழிச்சுக் கொடுப்பேன். மடிச்சு டிபன் பையில வச்சுக்கிட்டு, "பால் வாங்கி வைங்க, கொடியில துணி எடுங்க, குழாய்ல வாஷர் மாத்தறவர் வருவார்"னு சொல்லிட்டு அஞ்சே காலுக்குக் கம்பெனி பஸ் ஏறிடுவா. அந்த லிஸ்ட்ல பால் மட்டும் சில நாள் நடக்கும்.

பதினேழாம் நாள் சீட்டுதான் என்னை உலுக்கிடுச்சு. "ஒன்றரை வருஷம் ஓடற ஆலையை அது நிக்கிற நாற்பது நாளை மட்டும் வச்சு எடை போடலாமா?"

கண்டுபிடிச்சுட்டா. ஆனா பந்தயத்தை ரத்து பண்ணச் சொல்லலை, கேள்விதான் கேட்டிருந்தா. பதில் எழுதலேன்னா அன்னைக்கு ரீடிங் போயிடும். சாமர்த்தியமா மழுப்பி நாலு வரி எழுதிப் பாத்தேன். எனக்கே அசிங்கமா இருந்துச்சு. ஏழு வருஷம் படிச்சவன் எழுதற எழுத்தா அது? ஒரே கோடு போட்டு அடிச்சேன். அப்புறம் உக்காந்து ஒன்பது பக்கம் எழுதினேன். எந்த ஆலையையும் அதோட முழுச் சுற்றை வச்சுத்தான் பாக்கணும். சோலாருன்னா ஒரு முழு வருஷம், வெயிலும் மழையும் சேத்து. அணு ஆலைன்னா ஒரு எரிபொருள் மாத்தினதிலருந்து அடுத்தது வரைக்கும். ஐந்நூத்தி நாற்பது நாள்ல நாற்பது நாள் நின்னா, சில்லறை நிறுத்தம் போக, கிட்டத்தட்ட தொண்ணூறு சதவீதம். சோலார் முழு வருஷத்துக்குப் பதினெட்டு, இருபது. தனக்கு வசதியான நாளை மட்டும் பொறுக்கி எடுத்து ஒப்பிடறவன் ஒண்ணு முட்டாள், இல்ல மோசடிக்காரன். இந்த வரிக்குக் கீழே ரெண்டு தடவை அழுத்திக் கோடு போட்டேன். கார்பன் கிழிஞ்சுது. என்னைத்தான் எழுதறேன்னு காலையில காப்பியைக் கொடுத்தப்புறம்தான் உறைச்சுது.

பரவாயில்ல. எழுத்து எழுத்து, பந்தயம் பந்தயம்.

ஆனா ஒரு விஷயம் மட்டும் பிடிபடலை. தினமும் மூணு மணிக்கு மேல ரீடிங் படுத்துடும். வெயில் நல்லா அடிக்கும், ஆனா கரண்ட் பாதிதான். சீட்டு விடாம கேட்டுச்சு. நான் முதல்ல வயர் மேல பழி போட்டேன், அப்புறம் இன்வெர்ட்டர் சூடு மேல, கடைசியா காத்துல இருக்கிற ஈரப்பதம் மேல. மூணையும் சேத்து முப்பத்தோரு பக்கம் ஆச்சு.

நாற்பதாம் நாள் ஆறு மணி. ரீடிங் சார் கண்ணாடியைத் தூக்கிவிட்டார். ஒரு கிலோவாட் நாற்பது நாளும் ராப்பகலா ஓடியிருந்தா வந்திருக்க வேண்டியது தொள்ளாயிரத்து அறுபது யூனிட், வந்தது நூத்தி முப்பத்தி நாலு. பதினாலு சதவீதம். எதிராளி பூஜ்ஜியம். வீட்டுல ஆள் இருந்தாங்கன்னு சொல்லி முடிச்சுக்கிட்டார்.

சம்சாரம் ஏழு மணிக்கு வந்து ஷூவைக் கழட்டிக்கிட்டிருந்தா. சட்டம் அமலுக்கு வந்துடுச்சுன்னு அறிவிச்சேன். "சரிங்க"ன்னா. "இனிமே தீசிஸைப் பத்தி நான் வாயே திறக்கலை"ன்னா. போய்ப் படுத்துத் தூங்கிட்டா. ஜெயிச்சவன் இப்படித் தனியா நிக்கிற ஜெயத்தை நான் எங்கேயும் பாத்ததில்ல.

அடுத்த நாள் காலையில ஷூ லேஸ் கட்டினா. கேள்வி வரலை. அதுக்கு மறுநாளும் வரலை. தபாலோட அறுபது நாள்ல ஆறு நாள் மிச்சம் இருந்துச்சு. கேள்வி இல்லாத அந்த அமைதியில உப்பு டப்பா மட்டும் என்னைப் பாத்துக்கிட்டிருந்துச்சு. ஏழு வருஷம் முழுசாப் போகப் போகுது. அவ பன்னெண்டு மணி நேரம் வேலை பாத்து ஓட்டின குடும்பத்துல நான் உக்காந்து எழுதாத ஏழு வருஷம். கோபப்படக்கூட ஆள் இல்லாம முதல் தடவையா எனக்குப் பயம் வந்துச்சு.

மூணாவது நாள் அவளுக்கு லீவு. காலையில பத்து மணிக்குக் காலிங் பெல் அடிச்சுது. திறந்தா வாசல்ல கைடு. கையில டைப் அடிச்ச தாள் ஒரு கட்டு.

கதவை அகலத் திறந்துவிட்டேன். நானா திறந்துவிட்டேன்னு நீங்க நினைக்கலாம். நானேதான். அவர் உள்ளே வந்து உக்காந்தார். சம்சாரம் அவருக்குக் காபியை, எத்தனை சர்க்கரைன்னு கேக்காமலே, கொண்டு வந்து வச்சா. இவருக்கு எத்தனை சர்க்கரைன்னு இவளுக்கு எப்படித் தெரியும்?

"அஞ்சாவது அத்தியாயம் நல்லா வந்திருக்கு"ன்னார் கைடு. "உங்க வீட்டம்மா தினமும் காலையில அஞ்சு மணிக்கு பஸ் நிக்கிற இடத்துல கொடுத்த காப்பிதான். நான் வாக்கிங்ல வாங்கிப் படிச்சுட்டு, சாயங்காலம் அவங்க பஸ் இறங்கும்போது கேள்வி எழுதிக் கொடுப்பேன். அவங்க தன் கையெழுத்துல மாத்தி எழுதி ஒட்டினாங்க."

நான் ஃபிரிட்ஜைப் பாத்தேன். அப்புறம் தரையைப் பாத்தேன்.

"அந்த நாற்காலி நான்தான்"னார். "வாதத்துக்கு நடுவுல வந்த வசவு, அதனால ஒண்ணும் சொல்லலை. டைப் அடிக்கும்போது வசவை மட்டும் எடுத்துட்டோம். நூத்தி எழுபது பக்கம் நூத்தி அறுபதாச்சு. பதினேழாம் நாள் எழுதினது பிரமாதம். மோசடிக்காரன் மனசுக்குள்ளயே புகுந்து எழுதியிருக்கீங்க."

நான் அந்தப் பாராட்டை வாங்கி எங்க வைக்கறதுன்னு தெரியாம உக்காந்திருந்தேன். பந்தயத்துல ஜெயிச்சது நான். ஆனா நான் தோத்தா போய்ப் பாக்க வேண்டிய கைடு என் சோபாவுலயே உக்காந்து காபி குடிக்கிறார்.

கையெழுத்துப் போட அவர் ரெடி. ஒரே ஒரு திருத்தம். மூணு மணிக்கு மேல ஏன் குறையுது? நான் எழுதின மூணு காரணமும் தப்பு. வயர் காரணம்னா காலையிலயும் குறையணும், இன்வெர்ட்டர் சூடுன்னா உச்சி வெயில்லயும் குறையணும், ஈரப்பதம்னா வெயில் நாள்ல குறையக் கூடாது. சரியான காரணம் இல்லாம அந்த அத்தியாயத்தை அவர் விடமாட்டார். இன்னும் அஞ்சு நாள்.

சம்சாரம் ஜன்னல் ஓரமா நின்னு துணி மடிச்சுக்கிட்டிருந்தா. அவ உதடு ஓரத்துல ஒரு சின்ன மடிப்பு.

"உனக்குத் தெரியுமா?"ன்னு கேட்டேன்.

"எதைப் பத்தி?"

"தீசிஸ்ல, அந்த மூணு மணி..."

"தீசிஸைப் பத்தி நான் ஒரு வார்த்தை பேசக் கூடாதேங்க. நாற்பது நாள் போராடி ஜெயிச்சிருக்கீங்க."

கைடு காபியைக் கீழே வச்சார். கெஞ்சினேன். அவர் எதிர்லயே கெஞ்சினேன். அவ லாக் புக்கையும் பேனாவையும் கொண்டு வந்து முன்னாடி வச்சா. எழுத்துல வேணுமாம். தேதி, நேரம் போட்டு, "சட்டம் வாபஸ்"னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கார்பன் வச்சுதான். காப்பியைக் கிழிச்சு மடிச்சு டிபன் பையில வச்சுக்கிட்டுத்தான் வாயைத் திறந்தா.

மேல போய்ப் பாருங்கன்னா. விடிகாலையில அவ துவைச்சுப் போடற துணி மேற்குப் பக்கக் கொடியில தொங்குது. மத்தியானம் நான் எடுக்கணும். எடுக்கிறதில்ல. மூணு மணிக்கு வெயில் மேற்க சாயும்போது அந்தத் துணியோட நிழல் ஓரத்துப் பேனல் மேல விழுது. நாலும் ஒரே வரிசையில இணைச்சது, ஒண்ணு நிழல்ல போனா மொத்தமும் படுத்துடும். ராத்திரி ஏழு மணிக்கு வந்து அவதான் எடுக்கிறா. நான் தினமும் காலையில பேனல் துடைக்க அந்தத் துணிக்கு அடியில குனிஞ்சு நுழைஞ்சுதான் போயிருக்கேன். காலையில நிழல் அந்தப் பக்கம் விழும், அதனால என் கண்ணுல படலை. மத்தியானத்துக்கு மேல நான் மாடி ஏறினதே இல்ல. கீழே உக்காந்து ஈரப்பதத்தைப் பத்தி எழுதிக்கிட்டிருந்தேன்.

"எப்போ தெரியும் உனக்கு?"

"முதல் வாரமே."

"சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா ஒரு வரி எழுதிட்டுத் தூங்கியிருப்பீங்க."

கைடு இருமினார். சிரிப்பை அப்படி மறைக்கிறவர்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

அடுத்து மூணு நாள், மத்தியானம் பன்னெண்டு அடிச்சதும் நான் மாடி ஏறித் துணி எடுத்தேன். மடிச்சும் வச்சேன். மூணு மணிப் பள்ளம் காணாமப் போச்சு. பதினாலு பதினெட்டாச்சு. ரீடிங் சார் நம்ப முடியாம ரெண்டு தடவை படிச்சார். கைடு கையெழுத்துப் போட்டார், தீசிஸ் ஒரு நாள் மிச்சம் இருக்கும்போதே போய்ச் சேந்துடுச்சு.

அட்டவணை எண் அஞ்சு புள்ளி ஏழுக்கு மட்டும் தலைப்பு என்னை வைக்க விடலை. கைடும் சம்சாரமும் கலந்து பேசி வச்சுட்டாங்க. யூனிவர்சிட்டி லைப்ரரியில இப்போ அது அச்சுல இருக்கு: "கணவர் துணி எடுத்த நாள்களும் எடுக்காத நாள்களும்: ஓர் ஒப்பீடு."